காயலான் கடைக்குப் போற மில்லிங் மெஷினைக் காப்பாத்துங்க சாமியோவ்!

ஆபீஸ்ல ஆணி புடுங்குற வேலை அதிகமானதால ரெண்டு மாசமா கடையைத் தொறக்கவே இல்லை. இன்னைக்கு எழுதப்போறதும் இரும்பு சமாச்சாரம்தான், ஆனா இது நிஜ இரும்பு. சினிமா விமர்சனம் எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த கடைக்குப் போயிடலாம், கோச்சுக்க மாட்டேன் :-)

மேட்டர் இதுதான். வீட்டுல ஒரு ஓரமா ஆறடிக்கு ஆறடி இடமும், கையால எதையாவது செஞ்சு பாக்கணும்ங்குற அரிப்பும் இருக்குற பொட்டி தட்டுற மக்கள் எல்லாரும், ஒரு சின்ன, பழைய மில்லிங் மெஷின் வாங்கணும்ங்குறது என் கட்சி. புதுசு வேண்டாம். பெருசும் வேண்டாம். சின்னது, பழசு. இதைச் சொன்னா எங்க வீட்டுல சிரிக்கிறாங்க, ஆபீஸ்ல சிரிக்கிறாங்க, லேத்து பட்டறை அண்ணன் கூட சிரிக்கிறார். அதனாலதான் உங்ககிட்ட வந்திருக்கேன்.

மெக்கானிக்கல் படிக்காதவங்களுக்கு ஒரு நிமிஷம். லேத்துல வேலைப்பொருள் சுத்தும், உளி நிக்கும். மில்லிங்ல உளி சுத்தும், பொருள் மேஜை மேல கட்டுப்பட்டு நகரும். அதனால லேத்து உருண்டையான சாமான் செய்யும், மில்லிங் தட்டையான சாமான், பள்ளம், சாவிக்காடி, பல்லு இப்படி உருண்டை இல்லாத பல சாமானைச் செய்யும். நம்ம பக்கம், அதாவது தர்மபுரி, பாலக்கோடு, அரூர்னு எங்க போனாலும் ரோட்டோரம் ஒரு கடைசல் பட்டறை இருக்கும். போர்வெல் மோட்டார் ஷாஃப்ட், டிராக்டர் பின், கரும்பு மிஷின் ரோலர்னு எல்லாம் கடைஞ்சு குடுத்துடுவாங்க. ஆனா எனக்குத் தெரிஞ்ச மூணு பட்டறைல ஒண்ணுல கூட மில்லிங் கிடையாது. தட்டை வேலை வந்தா ஷேப்பர்தான். ஷேப்பர்னா ஒரு பெரிய இரும்புக் குதிரை, முன்னும் பின்னுமா தலையாட்டிட்டே ஒத்தை உளியால சீவும். மெதுவா சீவினாலும் உளி செலவு கம்மி, அதனால நம்ம ஊர் பட்டறைல இன்னும் உசுரோட இருக்கு. ஷேப்பரைப் பத்தி தனிப்பதிவே போடலாம், இன்னைக்கு வேண்டாம்.

இப்போ முதல் கேள்வி வரும் பாருங்க, "த்ரீடி பிரிண்டர் இருக்கே பாஸ், இது எதுக்கு?" பிளாஸ்டிக் டப்பா, செல்போன் ஸ்டாண்ட், பிள்ளையார் பொம்மை செய்ய பிரிண்டர் அருமை, நானே வெச்சிருக்கேன். ஆனா அப்பாவோட பவர் டில்லர்ல உடைஞ்ச பிராக்கெட்டுக்கு பதிலா பிரிண்டர்ல செஞ்சு மாட்டினா எத்தனை நாள் தாங்கும்? வெயில்ல நின்ன இன்ஜின் சூட்டுக்கு அது நெய் மாதிரி வளைஞ்சுடும். இரும்புக்கு இரும்புதான்.

ரெண்டாவது கேள்வி, "டிரில்லிங் மெஷின்லயே எண்ட் மில்லை மாட்டி தள்ளிடலாமே?" இது ஆபத்தான கேள்வி. டிரில்லிங் மெஷின் சக்கு ஒரு கூம்பு மேல வெறும் உரசல்லதான் நிக்குது. துளை போடும்போது விசை நேரா மேல்நோக்கி வரும், கூம்பு இன்னும் இறுகும். மில்லிங்ல விசை பக்கவாட்டுல, அதுவும் விட்டு விட்டு அடிக்கும். கொஞ்ச நேரத்துல சக்கு கழண்டு, சுத்திக்கிட்டே கீழ விழும். மில்லிங் மெஷின்ல கூம்பை மேல இருந்து ஒரு நீள போல்ட்டு (டிரா பார்) இழுத்துப் புடிச்சிருக்கும். வித்தியாசம் அந்த ஒரு போல்ட்டுலயும், பக்கவாட்டு அடியைத் தாங்குற பேரிங்லயும் இருக்கு. தயவுசெஞ்சு டிரில்லிங் மெஷின்ல முயற்சி பண்ணாதீங்க.

சரி, பழைய மெஷின் எங்கிருந்து வருது? எச்எம்டின்னா நமக்கு வாட்ச்தான் ஞாபகம் வரும். ஆனா அந்தப் பேரோட விரிவே இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ். 1953ல பெங்களூர்ல ஆரம்பிச்ச அரசாங்கக் கம்பெனி, முதல்ல செஞ்சது லேத்து. 1963ல பிஞ்சோர்ல தொறந்த யூனிட்தான் மில்லிங் மெஷினுக்குப் பேர் போனது. இன்னொரு பக்கம் 1961ல ஜெர்மன் கூட்டுல பெங்களூர்லயே ஆரம்பிச்ச பாரத் ஃபிரிட்ஸ் வெர்னர், சுருக்கமா பிஎஃப்டபிள்யூ. நம்ம நாட்டு ஃபேக்டரி, பாலிடெக்னிக், ஐடிஐன்னு எங்க போனாலும் இவங்க மெஷின் நின்னுச்சு. வாட்ச் கம்பெனியை மூட 2016ல மத்திய அமைச்சரவை முடிவெடுத்தப்போ ஊரே கண்ணு கலங்கி ஸ்டேட்டஸ் போட்டுச்சு. அந்த வாட்ச்சுக்கு அம்மா மாதிரி இருந்த மெஷின்களுக்கு யாரும் அழலை.

இப்போ ஃபேக்டரிக்காரங்க எல்லாம் கம்ப்யூட்டர்ல ஓடுற விஎம்சிக்கு மாறிட்டாங்க. அதுல தப்பே இல்லை, ஒரே மாதிரி ஆயிரம் பீஸ் அடிக்கணும்னா அதுதான் சரி. கை சுத்துற மில்லிங் மெஷின் ஓரமா ஒதுங்குது, அப்புறம் ஏலம், அப்புறம் புரோக்கர் யார்டு. பெங்களூர் பீன்யா, 2004 வரைக்கும் எங்க தர்மபுரி மாவட்டத்துல இருந்த ஓசூர், அந்தப் பக்கம் கோயமுத்தூர், இங்கெல்லாம் யார்டு யார்டா நிக்குது. தர்மபுரிக்காரன்கிறதால எனக்கு பெங்களூரும் ஓசூரும் பக்கம். சனிக்கிழமை ஊருக்கு வர்ற வழியில இறங்கிப் பாத்துட்டு வருவேன். இதுவரைக்கும் ஏழெட்டு யார்டு பாத்தாச்சு.

அங்க கவனிச்ச விஷயம்தான் இந்தப் பதிவுக்கே காரணம். பெரிய மெஷினுக்கு வாங்க ஆள் இருக்கு. சின்ன ஊர் ஜாப் ஒர்க் பட்டறைக்காரர் வாங்கிடுவார். எம்1டிஆர்னு நம்ம ஆளுங்க சொல்ற டரட் மில்லுக்கும் (1938ல அமெரிக்காவுல வந்த பிரிட்ஜ்போர்ட் மாதிரியோட வாரிசு) நல்ல கிராக்கி. ஆனா மேஜை ரெண்டடி நீளமே இருக்குற குட்டி மெஷின், காலேஜ் லேப்ல இருந்து வந்தது, டூல் ரூம் மூலையில இருந்தது... இதுக்கு யாரும் வர்றதில்லை. ஃபேக்டரிக்கு அது ரொம்ப சின்னது. பட்டறைக்காரருக்கு ஒரு வெட்டுல மூணு எம்எம் போகாத மெஷின் எதுக்கு? வீட்டுல வெச்சுக்கலாம்னு நம்ம ஆளுங்களுக்குத் தோணவே இல்லை. அதனால என்ன ஆகுது? கிலோ கணக்கு. எடை போட்டு, உடைச்சு, ஃபர்னஸ்ல. புரோக்கர் ஒருத்தர் என்கிட்ட வருத்தமே இல்லாம சொன்னார், "பெருசு நின்னா காசு சார், சின்னது நின்னா எனக்கு இடம்தான் போகுது."

இந்த வார்ப்பிரும்பை ஒரு ஆள் உக்காந்து ஸ்க்ரேப்பரால சுரண்டி, நீலம் தடவிப் பாத்து, மறுபடி சுரண்டி, மட்டம் பண்ணியிருப்பார். அந்த சுரண்டல் தடம் சில மெஷின்ல இன்னமும் மீன் செதில் மாதிரி பளபளன்னு தெரியும். அதை உருக்கி ஜல்லிக்கம்பி கூட ஆக்க முடியாது, ஏதோ மூடியோ எடைக்கல்லோ ஆகும். இரும்பு நம்ம பக்கத்துக்குப் புதுசில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறைல கிடைச்ச இரும்போட காலம் கிமு 2172ன்னு 2022 மே மாசம் தமிழக அரசு அறிவிச்சப்போ எல்லாரும் பெருமையா ஷேர் பண்ணோம். நாலாயிரம் வருஷத்து இரும்புக்குப் பெருமை, நாப்பது வருஷத்து இரும்புக்கு காயலான் கடை. நல்லா இருக்கு நியாயம்!

ஏன் நமக்கு வீட்டுப் பட்டறைங்குற பழக்கமே இல்லை? இங்கிலாந்துல "மாடல் இன்ஜினியர்"னு ஒரு பத்திரிகை 1898ல இருந்து வருது. வீட்டுக் கொட்டகைல குட்டி ரயில் இன்ஜின் செய்யுற குமாஸ்தா, டாக்டர், வாத்தியார் எல்லாம் அதுக்கு வாசகர். அவங்களுக்குன்னே சின்ன லேத்து, சின்ன மில் செஞ்சு வித்த கம்பெனிகள் இருந்துச்சு. இங்க மெஷின் விலை ஒரு காரணம், இறக்குமதிக் கெடுபிடி இருந்த காலம் ஒரு காரணம், ஒத்துக்கறேன். ஆனா என் கணக்குல முதல் காரணம் வேற. நம்ம ஊர்ல படிச்சவன் கையில கிரீஸ் படக்கூடாது. கிரீஸ் பட்டா அவன் படிக்காதவன், இல்லன்னா அது அவன் சாதித் தொழில். நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சப்போ அப்-கட் மில்லிங், டவுன்-கட் மில்லிங் படம் வரைஞ்சு பதினாறு மார்க் வாங்கினேன். லேப்ல மெஷின் இருந்துச்சு. டெமோ காட்டுவாங்க, நாங்க முப்பது பேரு சுத்தி நின்னு எட்டிப் பாப்போம். கைப்பிடியை நான் சுத்தினது மொத்தமா ஒரு பத்து நிமிஷம் இருக்குமா? அதுவும் எக்ஸாம் அன்னைக்கு. அப்புறம் எல்லாரும் போல கேம்பஸ்ல ஐடி கம்பெனி.

கோயமுத்தூர் ஜி.டி.நாயுடு ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் காசு சேத்து வாங்கிப் பிரிச்சுப் போட்டுப் படிச்ச கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவரைப் பத்தி வாட்ஸப் ஃபார்வர்டு அனுப்புற அப்பாக்கள், பையன் ஒரு பழைய மெஷின் வாங்கறேன்னா "உனக்கெதுக்குப்பா இந்த வேலை"ங்குறாங்க. எங்க அப்பாவைச் சொல்லலை. சரி, அவரையும்தான் சொல்றேன்.

போதும் புலம்பல். வாங்கறதுன்னா எப்படிப் பாத்து வாங்கறதுன்னு சொல்றேன். இதுலதான் சரக்கு இருக்கு.

பெயிண்ட்டைப் பாக்காதீங்க. புது பச்சை பெயிண்ட் அடிச்சு நிக்குற மெஷினைக் கண்டா எனக்கு சந்தேகம்தான் வரும். நேரா மேஜைக்குப் போங்க. மேஜையைத் தாங்குற வழித்தடம் புறாவால் மாதிரி சரிஞ்சு இருக்கும், டவ்டெயில்னு பேரு. அதுக்குள்ள கிப்னு ஒரு ஆப்புத் தகடு, தேய்மானத்துக்கு ஏத்த மாதிரி இறுக்கிக்கலாம். மேஜையை நடுவுல வெச்சு, ஆட்டம் இல்லாம கிப்பை இறுக்குங்க. இப்போ ஓரத்துக்கு ஓட்டுங்க. கடைசி வரைக்கும் ஒரே மாதிரி ஓடினா ஜாக்பாட். கொஞ்ச தூரத்துலயே இறுகி நின்னுடுச்சுன்னா நடுப்பகுதி தேஞ்சிருக்குன்னு அர்த்தம். எல்லாரும் எப்பவும் மேஜை நடுவுலதான் வேலை செய்வாங்க, அதான் காரணம். லேசா இறுகினா பரவாயில்லை. நகரவே மாட்டேங்குதுன்னா மரியாதையா ஒரு டீ குடிச்சுட்டுக் கிளம்பிடுங்க. அதை சரி பண்ண வழித்தடத்தை கிரைண்டிங் பண்ணி, சுரண்டி மட்டம் எடுக்கணும். மெஷின் விலையைத் தாண்டிடும்.

அடுத்தது பேக்லாஷ். கைப்பிடியை ஒரு பக்கம் சுத்திட்டு, திருப்பிச் சுத்துங்க. மேஜை நகர ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டயல்ல எவ்வளவு சும்மா சுத்துதோ அதுதான் பேக்லாஷ். நிறைய பேர் இதைப் பாத்துட்டு பயந்து ஓடுறாங்க. தேவையில்லை. 0.2 எம்எம், 0.3 எம்எம் எல்லாம் வீட்டு வேலைக்கு ஒண்ணுமே இல்லை. அளவுக்கு எப்பவும் ஒரே பக்கத்துல இருந்து வந்து நிறுத்தினா பேக்லாஷ் கணக்குலயே வராது. நட்டு தேஞ்சிருந்தா பித்தளையோ கன்மெட்டலோ கடைஞ்சு புதுசு போட்டுக்கலாம், நம்ம லேத்து அண்ணனே செஞ்சுடுவார். ஸ்க்ரூ மோசம், வழித்தடம் நல்லதுன்னா வாங்குங்க. ஸ்க்ரூ நல்லது, வழித்தடம் மோசம்னா விடுங்க. இதை மாத்திச் செஞ்சு ஏமாந்தவங்கதான் அதிகம். ஒரே ஒரு எச்சரிக்கை, பேக்லாஷ் இருக்குற மெஷின்ல டவுன்-கட் பண்ணாதீங்க. கட்டர் மேஜையைத் தன் பக்கம் வெடுக்குன்னு இழுத்துக்கும், பல்லு போயிடும். பதினாறு மார்க் கேள்வி இப்போதான் எனக்கே புரிஞ்சுது.

ஸ்பிண்டிலுக்கு ஒரு டயல் இண்டிகேட்டரும் மேக்னெட் ஸ்டாண்டும் பையில எடுத்துட்டுப் போங்க. ஸ்டாண்டை மேஜை மேல ஒட்டி, இண்டிகேட்டர் முனையை ஸ்பிண்டில் உள்கூம்புல படற மாதிரி வெச்சு, கையால மெதுவா சுத்துங்க. 0.01, 0.02 எம்எம் ஆடினா சந்தோஷம். அப்புறம் ஒரு மரக்கட்டையை வெச்சு ஸ்பிண்டிலைப் பக்கவாட்டுல நெம்புங்க. முள்ளு குதிச்சா பேரிங் போச்சு. பேரிங் மாத்தக்கூடியதுதான், ஆனா விலையைப் பேசும்போது அதைக் கழிச்சுடணும். புரோக்கர்கள் ஸ்விட்சைப் போட்டு "சத்தமே இல்லை பாருங்க சார்"னு காட்டுவாங்க. சும்மா சுத்தும்போது எந்த மெஷினும் சத்தம் போடாது. பத்து நிமிஷம் ஓடவிட்டு, பேரிங் பக்கம் கை வெச்சுப் பாருங்க.

கூம்பு என்ன வகைன்னு கட்டாயம் கேளுங்க. ஐஎஸ்ஓ 30, 40ன்னா டூல் ஹோல்டர் பழைய மார்க்கெட்ல சுலபமா கிடைக்கும். ஆர்8ன்னாலும் பிரச்சினை இல்லை. எம்டி3 மாதிரி மோர்ஸ் கூம்புன்னா தானா இறுகிக்கும், கழட்ட ஒவ்வொரு தடவையும் டிரா பாரைச் சுத்தியால தட்டணும், அந்த அடி பேரிங்கு வழியாத்தான் போகும். நான் எம்டி3ஐ ஒதுக்கலை, ஆனா ஒரு ஈஆர் காலெட் சக்கை உள்ள மாட்டி, அதைக் கழட்டாமலே காலெட்டை மட்டும் மாத்திட்டிருந்தா போதும்.

கரண்ட் விஷயத்துலதான் நம்ம மக்கள் பாதிப் பேர் பின்வாங்குறாங்க. மெஷின்ல இருக்குறது த்ரீ பேஸ் மோட்டார், வீட்டுல சிங்கிள் பேஸ். பதட்டப்படாதீங்க. விஎஃப்டின்னு ஒரு பொட்டி, 230 வோல்ட் சிங்கிள் பேஸை வாங்கி 230 வோல்ட் த்ரீ பேஸா குடுக்கும். நம்ம ஊர்ல ஒண்ணு, ஒன்றரை ஹெச்பி மோட்டார் பொதுவா 415 வோல்ட்டுக்கு ஸ்டார்ல கட்டியிருக்கும். டெர்மினல் பாக்ஸைத் தொறந்து ஆறு முனை இருக்கான்னு பாருங்க. இருந்தா டெல்டாவுக்கு மாத்திட்டா அதே மோட்டார் 230ல முழு பலத்தோட ஓடும். மூணு முனைதான்னா ஸ்டார் முடிச்சு சுருளுக்குள்ள புதைஞ்சிருக்கு, காயில் கட்டுற கடைக்குக் கொண்டுபோய் வெளிய எடுக்கணும். போனஸா, விஎஃப்டில வேகத்தையும் ஒரு குமிழால மாத்திக்கலாம். ஒரு ஹெச்பின்னா 746 வாட், அயர்ன் பாக்ஸ் அளவுதான். ஆனா காசு வாங்கி வெளி வேலை செய்ய ஆரம்பிச்சா வீட்டு மீட்டர்ல ஓட்டாதீங்க. 2003 மின்சாரச் சட்டத்துல 126வது பிரிவு இருக்கு, கரண்ட் ஆபீஸ்காரங்க தீட்டிடுவாங்க.

வேகத்துக்கு ஒரே ஒரு கணக்கு. ஆயிரத்தை வெட்டு வேகத்தால பெருக்கி, பை பெருக்கல் கட்டர் விட்டத்தால வகுங்க. சாதா இரும்புக்கு ஹெச்எஸ்எஸ் கட்டர்னா வெட்டு வேகம் நிமிஷத்துக்கு 25 மீட்டர். 10 எம்எம் கட்டருக்கு சுமார் 800 சுத்து வரும். நம்மாளுங்க ஆர்வக்கோளாறுல மூவாயிரத்துல வெச்சு கட்டரை நீலமாக்கிடறாங்க.

எடுத்துட்டு வர்றது? முந்நூறு, நாநூறு கிலோ வரைக்கும் குட்டியானை ஒண்ணு போதும். இறக்க செயின் பிளாக் வேணும், நாலு பேரு "ஐலசா"ன்னு தூக்குற வேலை வேண்டாம், கால் விரல் முக்கியம். டன் கணக்குல இருக்குற மெஷினை ஆசைப்பட்டு வாங்கி, வாசப்படி தாண்ட முடியாம தார்ப்பாய் போட்டு மழையில வெச்சிருக்குற ஒருத்தரை எனக்குத் தெரியும். அதான் சின்னது சின்னதுன்னு கத்துறேன். அப்புறம் லுங்கி, துண்டு, கையுறை இது மூணும் மில்லிங் பக்கமே வரக்கூடாது. கையுறை பாதுகாப்புன்னு நினைப்பீங்க, சுத்துற கட்டர் அதோட நூலைப் புடிச்சா கையையும் சேத்துதான் இழுக்கும். கண்ணாடி மட்டும் கட்டாயம்.

சைனா குட்டி மில் புதுசா கிடைக்குதே, ஐம்பது அறுபது கிலோல, மாடிக்கே தூக்கிட்டுப் போகலாமேன்னு கேப்பீங்க. மாடி வீட்டுல வாடகைக்கு இருக்கறவங்களுக்கு அது ஒண்ணுதான் வழி, தப்பு சொல்ல மாட்டேன். அலுமினியத்துக்கு நல்லாவே இருக்கும். ஆனா இரும்புல கொஞ்சம் ஆழமா வெட்டினா மெஷினே நடுங்கும், எடை இல்லை பாருங்க. அந்த நடுக்கம் அப்படியே வேலைப்பொருள்ல வரி வரியா பதியும். கிராமத்துல வீடும் சிமெண்ட் தரையும் இருக்குறவன் அதுக்குப் போகறது ஏன்னு எனக்குப் புரியலை.

இப்போ உண்மையான எதிர்க்கேள்விக்கு வரேன். லேத்து அண்ணன் கேட்டது. "தம்பி, வருஷத்துக்கு நாலு வேலை வரும் உனக்கு. ஓசூர்ல குடுத்தா ஆயிரம், ரெண்டாயிரத்துல முடிஞ்சுது. இதுக்கு ஏன் லட்சம் போடற?" கணக்குல அவர் சொல்றதுதான் சரி. இன்னும் ஒண்ணு சேத்துக்குங்க, வைஸ், காலெட், கட்டர், கிளாம்ப்புன்னு முதல் வருஷம் மெஷின் விலைல பாதி தனியா போகும். காசு மிச்சம் பண்ண மில்லிங் மெஷின் வாங்கறேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா இதே கணக்கை நாம பைக்குக்கும் கேமராவுக்கும் போடறோமா? ரெண்டு லட்சத்துக்கு பைக் வாங்கினப்போ அப்பா பூஜை போட்டுக் குடுத்தார். ஓசூர்ல குடுத்தா வேலை முடியும். ஏன் அந்தக் காடி அப்படி வந்துச்சு, ஏன் அங்க ரெண்டு எம்எம் விட்டாங்கன்னு எனக்குத் தெரியாமலே முடியும். எட்டு வருஷமா திரையில மட்டுமே தெரியுற சாமானைச் செஞ்சுட்டு இருக்கேன். ரிலீஸ் ஆனதுக்கு அடுத்த வருஷம் அது இருக்காது.

லேத்து அண்ணனுக்கும் இதுல பங்கு இருக்கு. நான் மெஷின் வாங்கினா காடி வேலைக்கு அவர் ஓசூர் அனுப்ப வேண்டாம், ஞாயித்துக்கிழமை வந்து அவரே ஓட்டிக்கலாம்னு சொல்லியிருக்கேன். பதிலுக்கு எனக்கு கட்டர் சாணை பிடிக்கச் சொல்லித் தரணும். காசு பேச்சே இல்லை, கரண்ட் ஆபீஸ் பயம் :-) யோசிச்சு சொல்றேன்னார். ஆனா சிரிப்பை நிறுத்திட்டார்.

நம்ம சாஃப்ட்வேர் மக்களுக்குத் தனியா ஒரு வேண்டுகோள். வாங்கின மறுநாளே ஸ்டெப்பர் மோட்டாரை மாட்டி சிஎன்சி ஆக்கறேன்னு கிளம்பாதீங்க. எனக்கும் கை அரிக்குதுதான். ஆறு மாசம் கைப்பிடியைச் சுத்துங்க. வெட்டு சரியா இருக்கும்போது கைக்கு ஒரு மாதிரி தெரியும், கட்டர் மழுங்கினா வேற மாதிரி தெரியும். அது தெரியாம கோடு எழுதினா, கம்ப்யூட்டர் நிதானமா, துல்லியமா கட்டரை உடைக்கும்.

ஓசூர் பக்கம் ஒரு யார்டுல ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். பேர்ப்பலகை இல்லை, மேஜை ரெண்டேகால் அடி, ஐஎஸ்ஓ 30 கூம்பு. கிப் டெஸ்ட்ல நல்லா பாஸ், குறுக்கு ஸ்க்ரூ மட்டும் கால் சுத்து சும்மா சுத்துது, நட்டு மாத்தணும். அடுத்த வாரம் எடை போடறதுக்கு லாரி வருதாம், அதுக்குள்ள சொல்லுங்கன்னார். கிலோ விலைக்கு மேல எவ்வளவு வரைக்கும் போகலாம்? அனுபவஸ்தர்கள் பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க, திட்டறவங்களும் வரலாம்.

டிஸ்கி: தர்மபுரி, சேலம், கிருஷ்ணகிரி பக்கம் யார்கிட்டயாவது 100 எம்எம் வாய் இருக்குற பழைய மெஷின் வைஸ் சும்மா கிடந்தா எடைக்குப் போடாதீங்க. நானே வந்து எடுத்துக்கறேன்.